பெங்களூரா மாங்கூழுக்காக ஐரோப்பாவிடம் பேசுவது

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓசூர் ரோஜா. ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள பட்டறைகளில் தயாராகும் போல்ட், நட்டு. கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டினம் பக்கத்து ஆலைகளில் பிழியும் மாங்கூழ். மாவட்டம் ஒன்று, போய்ச் சேரும் சந்தையும் ஒன்று. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்திடம் இந்த மூன்று தரப்பும் கேட்க வேண்டியது வேறு வேறு. "எங்கள் பகுதிக்குச் சலுகை கொடுங்கள்" என்று பொதுவாக எழுதிய மனுவை டெல்லியில் யாராலும் எந்தக் கோப்பிலும் சேர்க்க முடியாது. பல கூட்டங்களில் உட்கார்ந்து, நல்ல நியாயமுள்ள மனுக்கள் அப்படியே ஓரமாகப் போவதைப் பார்த்த பிறகு இதைச் சொல்கிறேன்.

நான் மாங்கூழ்க்காரன். ஆலை ஆய்வகத்தில் பிரிக்ஸ், அதாவது கூழின் இனிப்பு அளவு, பார்க்கும் வேலையில் தொடங்கி, ஏற்றுமதிக் காகிதங்களுக்கு நகர்ந்து, பிறகு சிறு ஆலைகளும் தோப்புக்காரர்களும் சேர்ந்த எங்கள் சங்கத்தின் சார்பில் சென்னைக்கும் டெல்லிக்கும் கலந்தாய்வுக் கூட்டங்களுக்குப் போகிறவன் ஆனேன். இந்தியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தப் பேச்சு 2007-இல் தொடங்கி 2013-இல் நின்றுபோயிருந்தது. 2022 ஜூனில் அது மறுபடி உயிர் பெற்றதும் ஏற்றுமதித் தொழில்களின் கருத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்திலிருந்து கண்டதையும் செய்ததையும், அடுத்து இந்த வேலைக்கு வரப்போகிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன். தேனி, திண்டுக்கல் ஆட்களுக்கும் பொருந்தும்.

முதலில் யாரிடம் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். வெளிநாட்டு வர்த்தகம் நம் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலில் 41-ஆவது இனம். வேளாண்மை மாநிலப் பட்டியலில் 14-ஆவது. அதாவது மாங்காய் விளைவது மாநிலத்தின் பொறுப்பு, அதன் கூழை யாருக்கு எந்த நிபந்தனையில் விற்பது என்று பேசுவது டெல்லியின் பொறுப்பு. சென்னையில் மனு கொடுத்தாலும் அது டெல்லி வர்த்தக அமைச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். எதிர்ப்பக்கமும் இப்படித்தான். 27 நாடுகள் இருந்தாலும் வர்த்தகத்தில் பேசுவது ஐரோப்பிய ஆணையம் ஒன்றுதான். நெதர்லாந்தில் நமக்குப் பழக்கமான இறக்குமதியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் அரசு தனியாக நமக்கு ஒரு விதியைத் தளர்த்தித் தர முடியாது.

ஆனால் அங்கே ஒரு வட்டாரத்தின் குரலுக்கு இருக்கிற பலம் இங்கே இல்லை. 2016 அக்டோபரில் கனடாவுடன் செய்யவிருந்த ஒப்பந்தத்தை பெல்ஜியத்தின் வலோனியா என்ற ஒரே ஒரு பிராந்தியம் தடுத்து நிறுத்தியது. அவர்கள் நாட்டுச் சட்டப்படி பிராந்திய நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளாமல் பெல்ஜியம் கையெழுத்துப் போட முடியாது. விவசாயிகளின் அச்சத்தையும், வெளிநாட்டு முதலீட்டாளர் அரசின் மேல் வழக்குப் போடும் முதலீட்டாளர் நீதிமன்றம் பற்றிய கவலையையும் முன்வைத்து அவர்கள் நின்றார்கள். விளக்க ஆவணம் ஒன்றை வாங்கிக்கொண்ட பிறகே வழிவிட்டார்கள். வலோனியாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 36 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரியும் தருமபுரியும் சேர்ந்தால் ஏறக்குறைய 34 லட்சம். கிட்டத்தட்ட அதே அளவு மக்கள். நமக்கு அந்தத் தடுப்பு அதிகாரம் கிடையாது. மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் இருக்கட்டும், நம் நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்பு கூட ஒரு வர்த்தக ஒப்பந்தத்துக்குக் கட்டாயமில்லை. இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாறும்வரை நமக்கு இருக்கிற ஒரே பலம், பேச்சு நடத்தும் அதிகாரியின் கையில் அவர் பயன்படுத்தக்கூடிய காகிதத்தைச் சரியான நேரத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான்.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது சென்னைக் கூட்டம் ஒன்றில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் மாவட்டத்திலிருந்து போன எங்களை ஒரே மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். ரோஜா வளர்க்கும் ஓசூர்க்காரர் ஒருவர் முதலில் பேசினார். கொய்மலர் ரோஜாவுக்கு ஐரோப்பாவின் பொது இறக்குமதித் தீர்வை ஜூன் முதல் அக்டோபர் வரை 12 சதவீதம், மற்ற மாதங்களில் 8.5 சதவீதம். எத்தியோப்பியப் பூ மிகப் பின்தங்கிய நாடு என்ற சலுகையில் தீர்வையே இல்லாமல் உள்ளே போகிறது. கென்யாவும் அப்படித்தான், 2024 ஜூலையிலிருந்து அவர்களுக்கு அதற்கென்றே தனி ஒப்பந்தம் இருக்கிறது. "எங்க பூவும் அவங்க பூவும் ஒரே ஏலத்துல நிக்குது சார். வரி ஒண்ணு போனா போதும், மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார். அவர் கோரிக்கை இரண்டே வரியில் முடிந்தது. சரக்குக் குறியீடு, மாதம், சதவீதம், போட்டி நாடு, எல்லாம் அதில் இருந்தது. அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்து போல்ட் பட்டறைக்காரர். அவருக்குத் தீர்வை பெரிய தலைவலி இல்லை, கரிமக் கணக்குதான். பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கரிம வாயுவுக்கு ஐரோப்பா எல்லையில் கேட்கும் கரிம வரி, அதாவது சிபாம், 2023 அக்டோபர் 1-இல் அறிக்கை கொடுக்கும் கட்டத்தோடு தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் காசு கேட்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது. இரும்பு, எஃகு என்றதும் பெரிய உருக்காலைகளின் கவலை என்றுதான் நம் ஆட்கள் நினைத்தார்கள். அந்தப் பட்டியலில் திருகாணி, போல்ட், நட்டும் உண்டு. சிறு பட்டறைக்குக் கம்பி வருவது எங்கோ இருக்கிற உருக்காலையிலிருந்து, நடுவில் இரண்டு மூன்று வியாபாரிகள் கை மாறி. போல்ட்டின் கரிமக் கணக்கில் பெரும்பகுதி அந்தக் கம்பியின் கணக்கு. அதை உருக்காலை கொடுத்தால்தான் இவர் எழுத முடியும். ஐரோப்பிய வாடிக்கையாளர் அனுப்பிய விரிதாளில் அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருந்ததைக் காட்டினார். நான் அவரிடம் சொன்னதும், இப்போதும் சொல்வதும் இதுதான். உங்கள் முதல் மனு பிரஸ்ஸல்ஸில் இருக்கிற ஐரோப்பிய ஆணையத்துக்கு வேண்டாம். கம்பி விற்கும் ஒவ்வொரு ஆலையும் பில்லோடு உமிழ்வுக் கணக்கையும் கொடுக்க வேண்டும் என்று நம் அரசிடம் கேளுங்கள். இன்னொன்று, 2025-இல் கொண்டுவந்த திருத்தப்படி ஆண்டுக்கு 50 டன்னுக்குள் வாங்கும் இறக்குமதியாளருக்கு இந்தக் கடமை இல்லை. அந்த 50 டன் நாம் அனுப்பும் அளவைப் பொறுத்ததல்ல, எல்லாரிடமிருந்தும் அந்த இறக்குமதியாளர் வாங்கும் மொத்தம். இதை விசாரிக்காமல் "நான் சின்ன ஆள், எனக்கு வராது" என்று யாரும் இருந்துவிட வேண்டாம்.

பிறகு எங்கள் முறை. மாங்கூழுக்கு வேண்டியது இரண்டு வரியில் அடங்காது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஆலைக்குப் போகும் காய் பெரும்பாலும் தோத்தாபுரி. நாங்கள் பெங்களூரா என்போம். மூக்கு நீண்ட காய், சாப்பிட அல்போன்சா அளவுக்கு ருசி இல்லை, ஆனால் கூழுக்கு இதை அடிக்க ஆள் இல்லை. அறுவடை மே கடைசியில் தொடங்கி ஜூன், ஜூலையில் உச்சத்துக்குப் போகும். இந்த இரண்டு மாதத்தில் பிழிந்து, 90 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கிருமி நீக்கிய பையில் நிரப்பி, டிரம்மில் இறக்கி வைத்துவிடுவோம். சாதாரணக் கூழ் 14 பிரிக்ஸ். செறிவூட்டியது 28 பிரிக்ஸ். ஆர்டர் வரவர ஆண்டு முழுக்கக் கன்டெய்னர் ஏறும். ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு வரை சரக்கு நிற்கும். இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மார்கழி, தை மாதங்களில் மாமரம் பூவெடுக்கும்போது தத்துப்பூச்சி வரும். பூங்கொத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சி, பூவைக் கருக்கிவிடும். இலையில் தேன் மாதிரிப் பிசுபிசுவென்று ஒட்டும், பிறகு கரும்பூசணம் படியும். அந்த நேரத்தில் தோப்புக்காரர் வேளாண் அதிகாரியைத் தேடிப்போவதில்லை, மருந்துக் கடைக்குப் போவார். பல தோப்புகளில் உரிமையாளர் அங்கே இருப்பதே இல்லை. பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்தான் மருந்தடிக்கிறார். அவருக்கு அந்த ஒரு பருவம்தான் கணக்கு.

கடையில் கிடைக்கும் மருந்துகளில் தயாமெத்தாக்சம் நல்ல பழக்கத்தில் இருந்தது. தத்துப்பூச்சிக்கு நன்றாகக் கேட்கும். 2023-இல் ஐரோப்பிய ஆணையம் 2023/334 என்ற விதியைக் கொண்டுவந்தது. தயாமெத்தாக்சம், குளோதியானிடின் என்ற இரண்டு மருந்தின் எச்சமும் உணவுப் பொருளில் ஆய்வகக் கருவியால் அளக்கக்கூடிய அடிமட்டத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 2026 மார்ச் 7 முதல் அமல் என்றது. காரணம் தேனீக்கள். உண்பவரின் உடல்நலத்துக்கு இல்லாமல் சுற்றுச்சூழலுக்காக எச்ச அளவைக் குறைத்தது அதுதான் முதல் தடவை. தேனீ செத்தால் மாமரத்துக்கும் நல்லதில்லை என்பதால் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. தயாமெத்தாக்சம் மரத்துக்குள்ளேயே உடைந்து குளோதியானிடினாக மாறும். அதனால் குளோதியானிடினைக் கண்ணால் கூடப் பார்க்காத விவசாயியின் காயிலும் அது வரும். "நான் அந்த மருந்தே வாங்கலியே" என்று அவர் சொல்வது பொய் இல்லை.

இதற்கு முன்பே குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து விஷயத்தில் ஒரு அடி பட்டிருந்தோம். அதற்கு ஐரோப்பா 2020 ஜனவரியோடு அனுமதியை முடித்து, அதே ஆண்டு நவம்பரில் எச்ச அளவைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு இறக்கியது. 0.01 மில்லிகிராம் என்றால் நூறு டன் கூழில் ஒரு கிராம். ஆய்வக அறிக்கையில் நூறு நூறு மருந்துப் பெயர்கள் பக்கம் பக்கமாக 'கண்டறியப்படவில்லை' என்று ஓடும். நடுவில் ஒரே ஒரு வரியில் 0.013 என்று எண் இருக்கும். அந்த ஒரு வரி போதும், கன்டெய்னர் கிளம்பாது.

இப்போது நான் சொன்ன இரண்டு ஆண்டு ஆயுளுக்கு வருகிறேன். தயாமெத்தாக்சத்துக்கான பழைய எச்ச அளவு, 2026 மார்ச் 7-க்கு முன் ஐரோப்பாவுக்குள் இறக்குமதி ஆன சரக்குக்குத்தான் செல்லும் என்று 2023/334 விதியில் எழுதியிருக்கிறது. புதிய பழம் விற்பவருக்கு இதில் பிரச்சினை இல்லை, பழம் பறித்த வாரத்திலேயே அங்கே போய்விடும். எங்களுக்கு அப்படி இல்லை. 2025 ஜூனில், அன்றைய விதிப்படி சரியாகப் பிழிந்து நிரப்பிய டிரம், 2026 ஏப்ரலில் ராட்டர்டாமில் இறங்கினால் புதிய விதி பாயும். 2023 இறுதியிலிருந்து செங்கடல் வழி பாதுகாப்பில்லாமல் போய், கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியதால் பயண நாளும் கூடியிருந்தது. ஆகவே எங்கள் கோரிக்கை வாக்கியம் இப்படி அமைந்தது: பருவத்துக்கு ஒருமுறை மட்டும் தயாராகி நீண்டநாள் இருப்பில் இருக்கும் பதப்படுத்திய பொருளுக்கு, இறக்குமதித் தேதியைப் பார்க்காமல் தயாரிப்புத் தேதியை வைத்து விதியைப் பொருத்துங்கள். டிரம்மின் மேல் தயாரிப்புத் தேதியும் தொகுதி எண்ணும் அச்சாகியிருக்கிறது, சரிபார்ப்பது எளிது.

இதை எழுதி முடித்ததும் ஒரு டெல்லி அதிகாரி முகத்தில் கண்ட மாற்றம் இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை "மாங்கூழ்த் தொழில் நலிகிறது" என்ற மாதிரி மனுக்களே அவருக்கு வந்திருந்தன. "இது கேட்கக்கூடிய கேள்வி" என்றார். நம் நாட்டுப் பிரதிநிதி எதிர்த்தரப்பு முன் உட்காரும்போது, பாவம் பாருங்கள் என்று சொல்ல முடியாது. உங்கள் விதியின் இந்த வரி இந்தப் பொருளுக்குப் பொருந்தவில்லை, இப்படி மாற்றினால் உங்கள் நோக்கமும் கெடாது என்றுதான் சொல்ல முடியும். அந்த வரியைக் கண்டுபிடித்துக் கொடுப்பது நம் வேலை. டெல்லியில் இருப்பவருக்கு நூறு தொழில், நூறு மாவட்டம். பெங்களூரா எப்போது பூக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

அதுவரை ஒப்பந்தப் பேச்சையே பெரிதாக நினைத்து எல்லாரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எச்ச அளவு போன்ற விதிகள் முடிவாவது அந்த மேசையில் இல்லை. உணவு, தாவர நலம் பற்றிய புதிய விதியை எந்த நாடு கொண்டுவந்தாலும் உலக வர்த்தக அமைப்புக்கு முன்கூட்டி அறிவித்து, மற்ற நாடுகள் கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த 60 நாளில் இந்தியா எழுத்தில் கொடுக்கும் கருத்தை, கேட்டால் அவர்கள் பேசி, கணக்கில் எடுத்தாக வேண்டும். அந்த அறிவிப்புகள் இ-பிங் என்ற தளத்தில் வரும். உலக வர்த்தக அமைப்பும் ஐ.நா.வும் சேர்ந்து நடத்துவது, இலவசம். உங்கள் பொருளையும் சந்தையையும் பதிந்துவைத்தால் மின்னஞ்சல் தானாக வரும். சங்கத்தில் ஒருவராவது இதைப் பதிந்து வைத்திருக்க வேண்டும். உணவுப் பொருளுக்கு நம் நாட்டின் தொடர்பு முனை உணவுப் பாதுகாப்பு ஆணையம், தாவர நலத்துக்கு வேளாண் அமைச்சகம். இவர்களுக்கும் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பான அபேடாவுக்கும் ஒரே கடிதத்தைப் பிரதியோடு அனுப்புவதை நாங்கள் வழக்கமாக வைத்திருக்கிறோம். கடைசி வாரத்தில் அனுப்பினால் படிக்க நேரம் இருக்காது. அறிவிப்பு வந்த முதல் பத்துப் பதினைந்து நாளுக்குள் போய்விட வேண்டும்.

கடிதத்துக்குத் தேவையான விவரம் அலுவலகத்தில் கிடைக்காது. பையூரில் இருக்கிற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் பூச்சி வரும் காலத்தைச் சரிபார்த்தோம். சந்தூர்ப் பக்கம் தோப்புகளில் உட்கார்ந்து பேசினோம். அங்கே ஒரு பெரியவர், மூன்று ஏக்கர் தோப்பு, பேரன் படித்த பள்ளி நோட்டு ஒன்றை எடுத்துவந்து காட்டினார். பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதியிருந்தார். தேதி, எந்த வரிசை மரம், மருந்துப் பெயர், எத்தனை டேங்க், யார் அடித்தது. மருந்து டப்பாவின் லேபிளைக் கிழித்து அந்தந்தப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்.

"எதுக்குண்ணா லேபிள ஒட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கடைக்காரன் ஒவ்வொரு வருசமும் ஒரு பேரு சொல்றான் தம்பி. போன தடவ கேட்டது எதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அந்த நோட்டுப் பக்கங்களை, அவர் அனுமதியோடு பெயரை மறைத்துப் படமெடுத்து மனுவோடு இணைத்தோம். கடைசியாக மருந்தடித்த நாளுக்கும் காய் பறித்த நாளுக்கும் இடையே எத்தனை மாதம் ஓடியிருக்கிறது என்பதை எந்தப் புள்ளிவிவர அட்டவணையையும் விடத் தெளிவாக அது காட்டியது. பின்னால் நெதர்லாந்திலிருந்து வாங்குவோர் தரப்பில் ஒரு குழு வந்தபோது, ஆலையின் பளபளப்பான கோப்புகளை வேகமாகப் புரட்டியவர்கள் இந்த நோட்டில்தான் நின்றார்கள். தமிழில் எழுதியிருந்தது அவர்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னோம், அவர்கள் கேட்ட கேள்விக்குப் பெரியவரே பதில் சொன்னார். ஆகையால் விவசாயிகளை ஆங்கிலப் படிவத்தில் எழுதச் சொல்லி வதைக்காதீர்கள். தமிழிலோ, வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கிலோ கன்னடத்திலோ, அவர்களுக்கு வருகிற எழுத்தில் அன்றன்றைக்கு எழுதியது போதும். மொழிபெயர்ப்பது நம் பொறுப்பு.

அதே குழுவுக்கு ஒரே ஒரு மாதிரித் தோப்பை மட்டும் காட்டலாம் என்று ஆலை தரப்பில் சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சொட்டுநீர் போட்ட நூறு ஏக்கர் தோப்பைக் காட்டினால் நாளை விதி எழுதுகிறவர் மனத்தில் அதுதான் கிருஷ்ணகிரி என்று நிற்கும். நம் காயில் பெரும்பங்கு சிறு தோப்புகளிலிருந்து மண்டி வழியாகக் கலந்து வருகிறது. அதைக் காட்டினால்தான் "தோப்பு வாரியாகப் பிரித்துப் பதிவு செய்ய இத்தனை பருவம் பிடிக்கும்" என்று அவகாசம் கேட்க முடியும்.

செறிவூட்டிய கூழில் இன்னொரு நுணுக்கம். 14 பிரிக்ஸ் கூழை 28 ஆக்கும்போது நீர் பாதிக்கு மேல் போய், எடை பாதியாகிவிடுகிறது. எச்சம் போகாது. ஆகவே அதே கூழில் எச்ச எண் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும். பழத்துக்கு வைத்த அளவை அப்படியே செறிவின் மேல் வைத்துப் பார்க்கக் கூடாது, பதப்படுத்தும்போது கூடியதையும் குறைந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அவர்களின் எச்ச அளவுச் சட்டமே, அதாவது 396/2005-இன் 20-ஆம் பிரிவே சொல்கிறது. வாங்குபவர்களில் பலர் இதைக் கேட்காமல் செறிவின் எண்ணைப் பார்த்தே திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அந்தப் பிரிவு எண்ணை மின்னஞ்சலில் எழுதி, சாதாரணக் கூழின் அறிக்கையையும் சேர்த்து அனுப்பிய இடங்களில் பேச்சு மாறியதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சட்டத்தில் நமக்கு உள்ள உரிமையை நாம்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

2014-இல் நடந்ததும் இந்த மாதிரிப் பாடம்தான். அந்த ஆண்டு மே 1 முதல் இந்திய மாம்பழத்தையும், கத்தரி, பாகல், புடலை, சேம்பையும் ஐரோப்பா நிறுத்தியது. முந்தைய ஆண்டில் 207 சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் பிடிபட்டதுதான் காரணம். தடை புதிய பழத்துக்கு. கூழுக்கு இல்லை, கொதிக்கும் சூட்டில் பழ ஈயின் புழு எங்கே பிழைக்கும்? ஆனாலும் அந்தச் செய்தி வந்த வாரம் எங்களிடம் வாங்கும் ஆட்கள் "உங்கள் மாங்கூழ் வருமா வராதா" என்று பதறிக் கேட்டார்கள். கூழ் வேறு, பழம் வேறு என்று ஆணை எண்ணோடு அரைப் பக்கக் கடிதம் எழுதி எல்லா ஆலையும் ஒரே நாளில் அனுப்பினோம். 2015 தொடக்கத்தில், சுடுநீர்ச் சிகிச்சை போன்ற ஏற்பாடுகளைக் காட்டியதும் மாம்பழத் தடையை நீக்கினார்கள். காய்கறிகள் அதற்குப் பிறகும் காத்திருந்தன. எந்தப் பொருளுக்குப் பின்னால் ஆதாரமும் ஆளும் இருந்ததோ அது முதலில் வெளியே வந்தது.

எங்கள் கோரிக்கையில் பாதி ஐரோப்பாவுக்கு உரியதே இல்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தயாமெத்தாக்சம் வேண்டாம் என்றால் வேறு எது? ஐரோப்பாவில் எச்ச அளவு உள்ள சில மருந்துகளுக்கு நம் நாட்டில் மாமரத்தின் பெயரில் பதிவு இருக்காது. பதிவு இல்லாததை வேளாண் அதிகாரி பரிந்துரைக்க முடியாது. அந்தப் பதிவு நடப்பது டெல்லிக்குப் பக்கத்தில் ஃபரிதாபாத்தில், மத்திய பூச்சிக்கொல்லி வாரியம் மற்றும் பதிவுக் குழுவில். இன்னொரு வழி, ஐரோப்பாவிடமே இறக்குமதிக்கான தனி எச்ச அளவு கேட்டு விண்ணப்பிப்பது. அதற்குத் தோப்புகளில் முறைப்படி எச்சச் சோதனை நடத்தித் தரவு தர வேண்டும். சிறு ஆலைகள் தாங்கும் செலவில்லை. ஆகவே அந்தச் சோதனையைத் தோத்தாபுரிக்கு, எங்கள் மாவட்டத் தோப்புகளிலேயே, அரசுச் செலவில் நடத்துங்கள் என்பதுதான் நாங்கள் டெல்லியிடம் திரும்பத் திரும்பக் கேட்பது.

சங்கத்துக்குள்ளேயும் எல்லாம் ஒரே குரல் என்று நடிக்க முடியாது. 2025 பருவத்தில் பெங்களூரா கிலோ ஐந்து ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பறிகூலி, வண்டி வாடகைக்குக் கூட வராமல் காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு, சாலையில் கொட்டியவர்கள் உண்டு. பக்கத்து மாநில ஆலைகளுக்குக் கொண்டுபோகும் வழியும் அந்த ஆண்டு அடைபட்டது. அந்த நேரத்தில் "ஐரோப்பாவுக்காக நோட்டுப் போடு, மருந்தை மாற்று" என்று ஒரு தோப்புக்காரரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாற்று மருந்துக்கு அவர் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும், அதன் பலன் ஆலைக்குப் போகும். இதை மறைத்து எழுதும் மனு நியாயமான மனு இல்லை. அந்த ஆண்டுக்குப் பிறகு எங்கள் குழுவில் தோப்புக்காரர் ஒருவர் இல்லாமல் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை என்று முடிவெடுத்தோம். பதிவு நோட்டோடு, எச்சமில்லாமல் வரும் காய்க்கு ஆலை கூடுதல் விலை தருவதை எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் சங்கக் கடிதத்தில் தோப்புக்காரர்கள் கையெழுத்துப் போடுவார்கள் என்றும் வைத்தோம். ஆலைக்காரர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் அந்தத் தோப்புக்காரர் எழுந்து பேசும்போது அறையில் இருக்கிற கவனம், நான் எத்தனை பக்கம் படித்தாலும் வராது.

2026 ஜனவரி 27 அன்று டெல்லியில் பேச்சு முடிந்துவிட்டதாக இரு தரப்பும் அறிவித்தன. செய்தி வந்த அன்று எனக்கு நிறைய அழைப்புகள். "இனி கூழ் தடையில்லாமப் போகும் இல்லையா?" என்று கேட்டார்கள். இல்லை. தீர்வை வேறு, எச்ச விதி வேறு. ஒப்பந்தம் வந்தாலும் தங்கள் உணவுப் பாதுகாப்பு விதிகள் அப்படியே நிற்கும் என்று ஐரோப்பிய ஆணையம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. கையெழுத்து, ஐரோப்பிய நாடாளுமன்ற ஒப்புதல் என்று அதற்கென்று தனிப் படிகள் இருக்கின்றன. ரோஜாக்காரர்கள் தங்கள் குறியீட்டுக்குத் தீர்வை எந்த ஆண்டில் எவ்வளவு குறைகிறது என்று அட்டவணையில் பார்க்கட்டும். நாம் பார்க்க வேண்டியது, இது மாதிரி ஒப்பந்தங்களின் கீழ் அமைக்கப்படும் உணவு, தாவர நலக் குழுக்களை. அவை கூடும் முன் வர்த்தக அமைச்சகம் தொழில் தரப்பிடம் பிரச்சினைப் பட்டியல் கேட்கும். அந்தப் பட்டியலில் தயாரிப்புத் தேதிக் கோரிக்கையும், செறிவுக் கூழின் கணக்கும் முதல் இரண்டு இடத்தில் இருக்கும்படி இப்போதே கடிதம் தயாராக இருக்க வேண்டும்.

இந்தப் பருவத்துக்கு நாங்கள் செய்துகொண்டிருப்பது: குத்தகைக்காரர்களின் பட்டியலை ஊராட்சி ஒன்றியம் வாரியாக எடுக்கிறோம், ஏனென்றால் மருந்தடிப்பது அவர்கள்தான், இதுவரை எந்தப் பயிற்சிக்கும் அவர்களை யாரும் கூப்பிட்டதில்லை. காவேரிப்பட்டினம், பர்கூர் மருந்துக் கடைக்காரர்களிடம் ஐரோப்பா ஏற்காத மருந்துகளின் பெயரை, உட்பொருள் பெயரோடு தமிழில் அடித்து, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டக் கொடுக்கிறோம். இரண்டு மருந்து கலந்த டப்பாக்களில் தயாமெத்தாக்சம் சிறிய எழுத்தில் இருக்கும், அந்தப் பெயர்களையும் சேர்த்திருக்கிறோம். நோட்டுப் புத்தகம் சங்கச் செலவில். போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களும், தருமபுரி மாவட்டத்தில் ஆலைக்குக் காய் அனுப்புபவர்களும் பூவெடுக்கும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அறுவடைக்குப் பிறகு எழுதிய நோட்டு யாருக்கும் பயன்படாது.